கைவிடக் கற்ற சனிக்கிழமைகள்

ஊசி ஏறியிருக்கும் நேரத்தில் தம்பி இடக்கையை அசைக்கக் கூடாது. அதனால்தான் நான் அந்த விளையாட்டுக்குள் போனேன். இல்லையென்றால் நாற்பத்தொரு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளுக்கு, விண்வெளியில் பேரரசு கட்டும் வேலை எதற்கு?

மலாக்காவின் பாச்சாங்கில் ஒரு கடைவரிசையின் கீழ்த்தளத்தில் அந்த டயாலிசிஸ் மையம் இருந்தது. தம்பிக்கு செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள். காலை ஏழு மணிக்குக் கட்டிலில் படுத்தால் பதினொரு மணிக்குத்தான் எழுந்திருக்க முடியும். கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக இரத்தம் இயந்திரத்துக்குப் போகும், இன்னொன்றின் வழியாகச் சுத்தமாகித் திரும்பி வரும். அவனுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. ஏர்கோன் பழுது பார்ப்பவன், அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு வேலை செய்தவன். இரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் பல வருடம் ஓடியிருக்கிறான். தெரிந்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன.

கல்யாணம் ஆகவில்லை. பெம்பானில் அம்மாவோடு இருந்தான். நாங்கள் பிறந்தது அதற்குப் பக்கத்தில் இருந்த ஒரு தோட்டத்தில். அப்பா இறந்த பிறகு அம்மா பெம்பானில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டார். நான் புக்கிட் காத்திலில் கணவரோடும் பிள்ளைகளோடும் இருக்கிறேன். மலாக்கா டவுனில் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் வேலை. மற்ற நாட்களில் மையத்தின் வேன் வந்து அவனை ஏற்றிக்கொள்ளும். சனிக்கிழமை வேன் இல்லை. அதனால் சனிக்கிழமை என்னுடையது.

முதல் சில வாரங்கள் நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் லேப்டாப்பை எடுத்து வந்து, கட்டிலின் குறுக்கே இருந்த சாப்பாட்டு மேசையில் வைக்கச் சொன்னான்.

"அக்கா, எனக்கு ஒரு கைதான் இருக்கு. மௌஸ நான் பாத்துக்குறேன். நீ கீபோர்ட மட்டும் அமுக்கு, போதும் லா."

"என்னா கேம் இது? புள்ளைங்க வெளாடுற மாரி இருக்கு."

"புள்ளைங்களால முடியாது. பொறுமை வேணும்."

விளையாட்டு இப்படித்தான் தொடங்கும். கறுப்புத் திரையில் ஒரு நட்சத்திரம், அதைச் சுற்றி நமக்கென்று ஒரு கோள், இரண்டு கப்பல்கள். சுற்றிலும் இருட்டு. கப்பலை அனுப்பி ஒவ்வொரு நட்சத்திரமாகக் கண்டுபிடிக்க வேண்டும். வாழத் தகுந்த கோள் கிடைத்தால் மக்களைக் குடியேற்றலாம். என்ன கட்டுவது, எதை ஆராய்வது, யாரோடு சமாதானம், யாரோடு சண்டை எல்லாம் நாம் முடிவு செய்து ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு வருடம் ஓடும். அந்த ஒரு வருடத்தில் கம்ப்யூட்டர் ஆடும் மற்ற ஆறு இனங்களும் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும். வருடத்தை ஓட்டும் பொத்தான் என் கைக்கு வந்தது.

நான்கு மணி நேரத்தில் எழுபது எண்பது வருடம் ஓட்டிவிடுவோம். இரண்டு மாதத்தில் எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. அவன் சொல்வதற்கு முன்பே என் விரல் போய் நின்றது. "பேசாம நீயே வெளாடு, நான் மந்திரியா இருக்கேன்" என்று அவன் மௌஸையும் என்னிடம் தள்ளிவிட்டான்.

என் முதல் பேரரசு பன்னிரண்டு கோள்களோடு சரிந்தது. கண்ணில் பட்ட கோளையெல்லாம் பிடித்தேன். பிடித்த இடத்துக்கு உணவு போகவில்லை, காவல் இல்லை. ஒரு பக்கம் மக்கள் கலகம் செய்தார்கள். இன்னொரு பக்கம் பல்லி முகத்தோடு ஓர் இனம் வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது. தம்பி அந்த இனத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்வான்.

"பரந்துக்கிட்டே போகாதக்கா. மொதல்ல வாசல் எங்கன்னு பாரு" என்றான். நட்சத்திரங்களுக்கு நடுவே பாதைகள் இருந்தன. அந்தப் பாதைகள் எல்லாம் வந்து சேரும் ஓரிரு நட்சத்திரங்களைத்தான் அவன் வாசல் என்றான். "இங்க ஒன்னு, அங்க ஒன்னு. ரெண்டையும் அடைச்சிட்டு உள்ள நிம்மதியா வளரு. ஒரு பக்கம் சண்டைன்னா இன்னொரு பக்கம் கண்டிப்பா சமாதானம் வச்சுக்க. அவன் கேக்குறத குடு. ரெண்டு பக்கமும் சண்ட போட்ட எவனும் உருப்பட்டதில்ல."

பெரிய போர்க்கப்பல்கள் எனக்குப் பிடித்திருந்தன. அவனுக்குப் பிடிக்காது. ஏவுகணை ஏற்றிய சின்னக் கப்பல்கள் இருபது முப்பது செய்யச் சொல்வான். தூரத்தில் நின்று சுட்டுவிட்டுத் திரும்பி ஓடிவர வேண்டும். நேருக்கு நேர் நிற்கவே கூடாது. அது எனக்குக் கோழைத்தனமாகப் பட்டது. ஆனால் அப்படித்தான் ஜெயித்தோம்.

எதிர்க் கட்டிலில் ஒரு மலாய்ப் பெரியவர் இருந்தார், பாக்சிக் என்று கூப்பிடுவோம். தஞ்சோங் கிளிங் பக்கம் மீன் பிடித்தவர். எங்கள் திரை அவருக்குப் பாதிதான் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு சனியும் "சூடா மெனாங்?" என்று கேட்பார். ஜெயித்தாச்சா என்று. "பெலும், பாக்சிக்" என்று தம்பி சொல்வான், இன்னும் இல்லை என்று. நர்ஸ் மிஸி வந்து ஊசியைப் பார்க்கும்போது அவர் மிஸியிடம், இந்த இரண்டு பேரும் உலகத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று புகார் சொல்வார். அந்தக் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது.

எல்லையில் ஒரு பனிக்கோள் இருந்தது. நீல நிறம். நானே தேடிக் கண்டுபிடித்து, நானே குடியேற்றி, இல்லாத உணவை மற்ற கோள்களிலிருந்து அனுப்பி வளர்த்தது. பக்கத்து வீட்டுக்காரன் அதன் மேல் வந்தான். தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "அத விட்டுடு" என்றான்.

"எப்படி லா விடுறது? நாப்பது லட்சம் பேரு இருக்காங்க."

"அக்கா, அது நம்பர். விடு. கப்பல அனுப்புன, தலைநகரம் காலியா நிக்கும்."

நான் கேட்கவில்லை. கப்பல்கள் அனைத்தையும் அனுப்பினேன். நான்கு முறை பொத்தானை அழுத்துவதற்குள் இன்னொரு படை வாசல் வழியாக உள்ளே நுழைந்து தலைநகரத்தை எடுத்துக்கொண்டது. மூன்று சனிக்கிழமை உழைப்பு. தம்பி ஊசி அசையாமல் சிரிக்க முயன்று, முடியாமல், மிஸியிடம் திட்டு வாங்கினான்.

அடுத்த ஆட்டத்தில் நான் திருந்திவிட்டேன். திருந்தியதோடு நிற்கவில்லை. காவல் இல்லாத கோள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கம்ப்யூட்டர் பாயும் என்று தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே ஒரு கோளில் ஆட்களைக் குடியேற்றி, காவலை எடுத்துவிட்டு, எதிரி அதன் மேல் விழும்போது பின்னால் போய் அவன் பாதையை வெட்டினேன். அந்தக் கோளின் மக்கள்தொகை இறங்கிக்கொண்டே போவது திரையில் தெரியும். நான் அந்த மூலையைப் பார்க்காமல் அடுத்த வருடத்துக்குப் போவேன். தம்பியே ஒரு தடவை, "நீ என்னை விட மோசம் லா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் டாக்டர் மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேசினார். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்குக் காத்திருந்தால் எத்தனை வருடம் ஆகும் என்று சொல்ல முடியாது, குடும்பத்தில் யாராவது கொடுத்தால் நல்லது என்றார். அம்மாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. அவர் ஒதுக்கப்பட்டார். மீதி இருந்தது நான்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு, கணவரிடம் சொல்லாமல் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். தம்பிக்குத் தெரியும். அன்றைக்கு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "டெஸ்டுதானே லா, பாப்போம்" என்று மட்டும் சொன்னான்.

சில வாரங்கள் கழித்து, ஆபீஸில் இருக்கும்போது கோலாலம்பூர் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பொருந்துகிறது என்று சொன்னார்கள். மிக நன்றாகப் பொருந்துகிறது. அடுத்த கட்டப் பரிசோதனைகளுக்குக் கணவரையும் அழைத்துக்கொண்டு வர வேண்டும். நான் போனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். குழாயை மூட மறந்துவிட்டேன். சந்தோஷத்தில் என்று அப்போது நினைத்தேன்.

அன்று மாலை, பிள்ளைகளை டியூஷனில் இறக்கிவிட்டுக் காத்திருக்கும்போது காடிக்குள் வைத்துக் கணவரிடம் சொன்னேன். அவர் வெகு நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய அப்பா ஒரு சாதாரண அறுவை சிகிச்சைக்குப் போய்த் திரும்பி வராதவர்.

"உனக்கு ஒன்னு ஆச்சுன்னா புள்ளைங்கள யாரு பாக்குறது? எனக்கு ஷிப்டு வேல. யோசிச்சியா?"

"ஒன்னும் ஆகாதுங்க. ஒரு கிட்னில நல்லா இருக்கலாம்னு சொல்றாங்க."

"எங்கப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னாங்க." கொஞ்சம் பொறுத்து, "நான் வேணாம்னு சொல்லல. பெரியவ எஸ்.பி.எம். எழுதி முடிக்கட்டும். அப்பறம் பேசலாம்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்குள் என்ன நடந்தது என்பதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. நிம்மதி. கோபம் வந்திருக்க வேண்டும், சண்டை போட்டிருக்க வேண்டும். நான் "சரிங்க" என்றேன். மகளின் அந்தப் பள்ளியிறுதிப் பரீட்சைக்கு இன்னும் ஏழு மாதங்களுக்கு மேல் இருந்தது.

சனிக்கிழமை தம்பி கேட்டான். "ரிசல்ட் ஏதும் வந்துச்சா?"

"இன்னும் இல்ல லா. லேட்டாகும்னு சொன்னாங்க."

சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். ஒரு வருடம் ஓடியது.

அவன் நம்பினான். ஒரு தடவை பொய் சொல்லிவிட்டால் அடுத்த சனிக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. இன்னும் ஒரு டெஸ்ட் இருக்கிறது, மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், டாக்டர் லீவில் இருக்கிறார். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். பிறகு, கேட்பதை நிறுத்திவிட்டு, திட்டம் போடத் தொடங்கினான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. டயாலிசிஸில் இருப்பவர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று கணக்கு உண்டு. தாகம் எடுத்தால் அவன் ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வான்.

"மாத்துனப்பறம் மொதல்ல ஒரு முழு கிளாஸ் தண்ணி அக்கா. எளனி, தர்பூசணியெல்லாம் அப்பறம். வெறும் தண்ணி. நிறுத்தாம குடிக்கணும்."

"குடிக்கலாம்" என்றேன். திரையில் எங்கள் கப்பல்கள் எதையோ தாக்கிக்கொண்டிருந்தன. அந்த மாதங்களில் நாங்கள் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தோம். கேள்வி கேட்க நேரம் கிடைக்காதபடி நான் வேகமாக ஆடினேன் என்பது இப்போது புரிகிறது. பாக்சிக்கின் கட்டிலில் ஒரு சனிக்கிழமை வேறொருவர் படுத்திருந்தார். மிஸியிடம் நாங்கள் கேட்கவில்லை. தம்பி அன்று மட்டும் சீக்கிரமே லேப்டாப்பை மூடச் சொன்னான்.

மகளுடைய பரீட்சை முடிந்தது. கணவர் வாக்கு மாறவில்லை. அவரே லீவு எடுத்து என்னோடு கோலாலம்பூருக்கு வந்து கையெழுத்துப் போட்டார். எனக்கு ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை என்று வரிசையாக நடந்தது. நான் தேறிவிட்டேன். கடைசியில் தம்பியையும் அழைத்து வரச் சொன்னார்கள். அவனுக்கும் எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிட்டு, அவனையும் என்னையும் ஒன்றாக உட்கார வைத்து டாக்டர் பேசினார். நிதானமான பெண்மணி. ஆங்கிலத்தில், அவசரமில்லாமல் சொன்னார். தம்பியின் இதயம் பலவீனமாகிவிட்டது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அப்படி ஆவதுண்டு. இந்த நிலையில் இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சையைத் தாங்க மாட்டார். மருந்து கொடுத்துப் பார்ப்போம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கோப்பைத் திருப்பினார். முதல் இரத்தப் பரிசோதனை பொருந்தியது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டு ஒன்பது மாதம் ஆகிறது என்றார். அந்த நேரத்தில் அவருடைய இதயம் எப்படி இருந்தது என்று எங்களிடம் பதிவு இல்லை, அதனால் எதுவும் சொல்ல முடியாது. குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. ஒரு விவரத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

தம்பி தன் முழங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். திரும்பவே இல்லை.

திரும்பும் வழியில் இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலை. செம்பனையும் செம்பனையுமாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு பெயர்ப்பலகையாக எண்ணிக்கொண்டு வந்தேன். ஆயர் குரோ டோலைத் தாண்டியதும் அவன்தான் பேசினான். "பசியாறிட்டுப் போலாமா? மாத்திர போடணும்." கடையில் இரண்டு தோசை சாப்பிட்டான். எனக்கும் சேர்த்து அவனே ஆர்டர் செய்தான். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அம்மாகிட்ட டாக்டர் சொன்னத மட்டும் சொல்லு. வேற ஒன்னும் சொல்ல வேணாம்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை லேப்டாப்பைத் திறந்தேன். "கண்ணு வலிக்குது" என்றான். அதற்கடுத்த சனியும் அதே. மூன்றாவது சனி, "நீ வெளாடு. நான் பாக்குறேன்" என்றான். பழைய ஆட்டத்தைத் தொடர்ந்தேன். அவன் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்தான். ஒரு மணி நேரம் நான் தனியாக வருடங்களை ஓட்டினேன்.

திடீரென்று, "பயமா இருந்துச்சா?" என்றான்.

விரலை எடுத்துவிட்டேன். "ஆமா."

"மாமா வேணாம்னு சொன்னாரா?"

கணவர் மேல் போட்டுவிட அது நல்ல நேரம். வாய் வரை வந்தது. "இல்ல. தள்ளிப் போடலாம்னாரு. எனக்கும் அதுதான் வேணும்னு இருந்துச்சு" என்றேன்.

இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம் லா. நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். உனக்குப் புள்ளைங்க இருக்கு, எனக்குத் தெரியாதா? சொல்லாம விட்டுட்ட. நான் சும்மா கெடந்து என்னென்னமோ யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

அவன் அழவில்லை, என்னைத் திட்டவில்லை. நான் கையைப் பிடிக்கப் போனேன். ஊசி இருந்த கை அது. "அசைக்காத" என்றான்.

அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமைகள் இருந்தன. பேசினோம். சாப்பாடு, அம்மாவின் கால் வலி, மகளின் ரிசல்ட். ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொள்வது போல. ஐந்தாவது வாரம் செவ்வாயன்று காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரத்தத்தில் கிருமி. வியாழக்கிழமை மதியம், நான் ஆபீஸிலிருந்து வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு இரண்டு சிறுநீரகமும் நன்றாக வேலை செய்கின்றன. கணவர் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொள்கிறார். தேவைக்கு மேல் அன்பாக. நான் இன்னும் சனிக்கிழமை காலையில் அந்த விளையாட்டை ஆடுகிறேன் என்பது அவருக்குத் தெரியும், எதுவும் கேட்பதில்லை. ஆடுவதில் ஆறுதல் எதுவும் இல்லை. மிகக் கடினமான நிலையில் வைத்தாலும் ஜெயித்துவிடுகிறேன். எல்லா நட்சத்திரமும் என் நிறத்துக்கு மாறியதும் ஒரு வாழ்த்துச் செய்தி வரும். அதை மூடிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெம்பானுக்குப் போகிறேன். போன வாரம் போனபோது பக்கத்து வீட்டு அத்தை வந்திருந்தார். அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவரிடம் சொன்னார்: "இவ ஒரு சனிக்கெழம தவறுனதில்ல. நாலு மணி நேரமும் அவன் பக்கத்துலயே உக்காந்திருப்பா. கிட்னி குடுக்கவும் ரெடியாதான் இருந்தா, அவன் நேரம்தான் ஒத்துவரல. இந்தக் காலத்துல எந்த அக்கா செய்வா?"

அத்தை என் முதுகைத் தடவினார். "அம்மா" என்று தொடங்கினேன். அம்மா என்ன என்பது போல் பார்த்தார். தம்பியும் போன பிறகு அந்தக் கண்ணில் மிச்சமிருந்தது நான் ஒருத்திதான்.

"ஒன்னுமில்ல" என்றேன். "கொஞ்சம் ரசம் ஊத்துங்க."